இழுப்பதற்கு முன் மதிப்பெண் போடுங்கள்

சிறுநீரகக் கல்லை எடுத்த பிறகு, வீக்கமோ கல் துணுக்கோ வழியை அடைத்துவிடாமல் இருக்க, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை ஒரு மெல்லிய குழாயை மருத்துவர்கள் வைப்பதுண்டு. இரு முனையும் சுருண்ட இந்த டி.ஜே. ஸ்டென்ட்டைப் பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். வலி நின்றதும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சிறுநீரிலுள்ள உப்புகளோ குழாயின் மேல் கல்லாகப் படிந்துகொண்டே போகின்றன. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 சதவீதத்திலும், 6 முதல் 12 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 47.5 சதவீதத்திலும், அதற்கும் மேல் தங்கியவற்றில் 76.3 சதவீதத்திலும் கல் படிந்திருந்தது.

அப்படிப் படிந்த குழாயை வழக்கம்போல் கீழிருந்து இழுத்தால் அது பாதியில் அறுந்து போகலாம், சிறுநீர்க்குழாயே கிழியலாம். அதனால், கை வைப்பதற்கு முன்பே கல் எங்கே, எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகவே தர அளவுகள் வந்தன. அவற்றில் ஒன்றான கே.யூ.பி. முறை சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகிய மூன்று இடங்களுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒரே அறுவையில் முடியாமல் போகும் வாய்ப்பு அதிகம். கல் இருக்கும் இடம் சிகிச்சையின் வழியையும் காட்டும்: சிறுநீர்ப்பையில் என்றால் உள்நோக்கி வழியே உடைக்கலாம், சிறுநீர்க்குழாயில் என்றால் லேசர் தேவைப்படலாம், சிறுநீரகத்தில் பெரிதாகத் திரண்டிருந்தால் முதுகில் சிறு துளையிட்டுத்தான் நெருங்க வேண்டியிருக்கும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மக்களுக்கு இந்த எண் வெறும் மருத்துவக் கணக்கு அல்ல. நூற்பாலைகளிலும், பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டியிலும் உழைப்பவருக்கு ஒவ்வொரு மருத்துவமனை நாளும் கூலி போன நாள். பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரை, ராஜபாளையத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்றாலும் இழந்த கூலி பலருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. உள்ளூரில் எடுக்கும் எக்ஸ்ரேயிலேயே முதல் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டால், கீழ்முனையில் லேசான படிவு மட்டும் உள்ளவர் அருகிலேயே முடித்துக்கொள்ளலாம். மதிப்பெண் கூடியவர் எல்லாக் கருவியும் உள்ள இடத்துக்கு நேராகப் போகலாம்.

அனுபவமுள்ள அறுவை நிபுணருக்கு எண் எதற்கு என்று கேட்கலாம். அனுபவம் அவரிடம் இருக்கிறது. ஆனால் அவரிடம் நோயாளியை அனுப்பிவைக்கும் மருத்துவரும் அதே மொழியில் பேசினால்தான் நோயாளி வீணாக அலைய மாட்டார். யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது வலுவான ஆட்சேபம். ஆகவே சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, சிறுநீரில் கிருமித் தொற்று உண்டா என்பதையும் மதிப்பெண் சொல்லாது. அவற்றைத் தனியே சோதிக்க வேண்டும். மறக்காமல் எடுத்துவிட்டால் இத்தனையும் வேண்டாமே என்பதும் முழு உண்மை. அதனால் வீடு திரும்பும் சீட்டில் ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியைப் பெரிதாக எழுதித் தருவதே முதல் கடமை. அந்தத் தேதி தப்பியவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தில் மதிப்பெண்ணும் இருந்தால், அங்கே திட்டமிடல் முதல் நாளிலேயே தொடங்கிவிடும்.