மரபணுவும் மாடிப்படி விளக்கும்

நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டு மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்சுகள். கீழே ஒன்று, மேலே ஒன்று. ஒரு சுவிட்சை மட்டும் பார்த்து, விளக்கு எரிகிறதா என்று சொல்லிவிட முடியாது. இரண்டின் நிலையும் தெரிய வேண்டும். நம் உயிரணுக்களிலுள்ள மரபணுக்களுக்கும் சுவிட்சுகள் உண்டு. அவையும் இப்படித்தான் இயங்குகின்றனவா?

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியத்தை எடுத்துக்கொள்வோம். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் சிதைக்கும் நொதியை அது எப்போதும் தயாரிப்பதில்லை. லாக்டோஸ் இருக்க வேண்டும். எளிதில் பயன்படும் குளுகோஸ் இல்லாதிருக்க வேண்டும். அப்போதுதான் அதற்குரிய மரபணுக்கள் முழு அளவில் இயங்கும். லாக்டோஸ் இந்தச் சுவிட்சை எவ்வாறு திறக்கிறது என்பதை 1961-இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் ஜாக்கோபும் மோனோவும் விளக்கினர்.

1969-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் காஃப்மன் இதனைக் கணிதமாக்கினார். மரபணு இயங்கினால் 1, ஓய்ந்திருந்தால் 0. பிற மரபணுக்களிலிருந்து வரும் சைகைகளே அதன் நிலையை முடிவு செய்யும்.

இரண்டு சைகைகளுக்கு எத்தனை விதிகள் அமையும்? சைகைகள் சேரும் வகைகள் 4. ஒவ்வொன்றுக்கும் விடை 0 அல்லது 1. ஆகவே 2×2×2×2 = 16 விதிகள். இவற்றில் 6 விதிகள் ஒரு சைகையையாவது பொருட்படுத்தாதவை. எஞ்சிய பத்தில் எட்டு எளியவை. ஒரு சைகையே சில வேளைகளில் விடையை முடிவு செய்துவிடும். லாக்டோஸ் இல்லையா? குளுகோஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், விடை 0. மீதி இரண்டும் மாடிப்படி விதிகள்.

ஐந்து சைகைகள் என்றால் விதிகள் 429 கோடிக்கும் மேல்! இத்தனையில் இயற்கை எவற்றைக் கையாளுகிறது? சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் அரிஜித் சமல் குழுவினர், பிரான்சு நாட்டு அறிஞருடன் சேர்ந்து, பல உயிரினங்களுக்காக அமைக்கப்பட்ட மாதிரிகளின் விதிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். 2022-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: மிக எளிய விதிகளே மிகுதியாக உள்ளன.

காரணம் என்னவாக இருக்கலாம்? உயிரணுவில் சைகைகள் அவ்வப்போது தவறும். மாடிப்படி விதியில் ஒரு சைகை தவறினாலும் விடை தலைகீழாகிவிடும். எளிய விதியிலோ பல தவறுகள் விடையைத் தொடுவதேயில்லை.

இதனால் நமக்கென்ன பயன்? புற்றுநோய் உயிரணுவில் எந்தச் சுவிட்சை அணைக்கலாம் என்று மாதிரி அமைத்துத் தேடுவோர், கோடிக்கணக்கான விதிகளையும் சோதிக்க வேண்டியதில்லை, எளியவற்றிலிருந்து தொடங்கலாம்.

பென்சிலை எடுத்து அந்த 16 விதிகளையும் எழுதிப் பாருங்கள். மாடிப்படி விதிகள் இரண்டும் உங்களுக்கே புலப்படும்.