ஸ்மார்ட் ஸ்விட்ச்: மாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்!



செல்போனைத் தட்டினால் வீட்டு லைட் எரிகிறது, இன்னொரு தட்டு தட்டினால் அணைகிறது. இதைக் கேட்டதும் நம் டிபார்ட்மெண்ட்டில் பாதிப் பேருக்குக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. பொங்கலுக்குக் கிடைத்த பணத்தில் ஒரு ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்யூல் வாங்கி எங்கள் வீட்டில் மாட்டினேன். மாட்டியதும் அருமையாக வேலை செய்தது. ஆனால் மாட்டியது தப்பு! 'வேலை செய்தால் அப்புறம் எப்படித் தப்பு?' என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் மாட்டினேன்?

எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லைப்பக்கம் தனியாக இருக்கிறது. அதற்கு வெளிச்சம் தரும் பல்பு பின்அறைச் சுவருக்கு வெளியே. ஸ்விட்ச்சோ அறைக்கு உள்ளே, பீரோ ஓரத்தில். எங்கள் அப்பத்தாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, பார்வையும் மங்கல். ராத்திரி எழுந்தால் எங்களை எழுப்ப மனம் வராமல் இருட்டிலேயே போய்விடுவார். போன ஐப்பசி மழையில் படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்துவிட்டது.

'விடிய விடிய லைட்டை எரியவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். விட்டுப் பார்த்தோம். சாயங்காலம் போட ஒருவரும் ஞாபகம் வைப்பதில்லை. போட்டாலும் கடைசியாகப் படுக்கிறவர் பழக்கதோஷத்தில் அணைத்துவிடுவார். சாயங்காலம் தானாக எரிந்து காலையில் தானாக அணைய வேண்டும், அவ்வளவுதான் தேவை.

அதன் உள்ளே என்ன இருக்கிறது?

தீப்பெட்டி போன்ற ஒரு சின்ன டப்பா. அதற்குள் மூன்று சங்கதிகள். முதலாவது, 230 வோல்ட் ஏ.சி.யைச் சில வோல்ட் டி.சி.யாகக் குறைக்கும் சிறிய பவர் சப்ளை. இரண்டாவது, வைஃபை உள்ள மைக்ரோ கண்ட்ரோலர் சிப். 2014-ல் சீனாவின் எஸ்பிரெசிஃப் கம்பெனி கொண்டுவந்த இ.எஸ்.பி. 8266 என்ற சிப்தான் இந்தச் சாமான்கள் மலிவாகக் கிடைக்கப் பெரிய காரணம். மூன்றாவது, நாம் லேப்பில் பார்க்கும் அதே ரிலே. போனிலிருந்து கட்டளை வந்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்கும், அது ரிலே காண்டாக்ட் ஒட்டும் சத்தம்.

டெர்மினல்கள் பொதுவாக இப்படி இருக்கும்: எல் என்றால் பேஸ், என் என்றால் நியூட்ரல், பிறகு பல்புக்குப் போகும் அவுட்புட். எஸ்-1, எஸ்-2 என்று இரண்டு இருக்கும். அவை சுவரில் ஏற்கெனவே உள்ள ஸ்விட்ச்சை இணைக்க. இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். போன் சார்ஜ் இல்லாதபோதும், போனே இல்லாத அப்பத்தாவுக்கும் சுவர் ஸ்விட்ச் வேலை செய்தாக வேண்டும். எஸ்-1, எஸ்-2 முனைகளுக்குப் பேஸ் ஒயரைக் கொடுக்காதீர்கள். 'டி.சி. தானே' என்று கையால் தொடவும் வேண்டாம். பல மாடல்களில் உள்ளே ஐசொலேஷன் கிடையாது, மெயின்ஸ் வோல்டேஜ் அதிலும் நிற்கும்.

நியூட்ரல் எதற்கு?

சாதா ஸ்விட்ச்சுக்கு நியூட்ரல் வேண்டாம். பேஸ் ஒயர் வரும், ஸ்விட்ச் வழியாகப் பல்புக்குப் போகும். ஸ்விட்ச் என்பது வாய்க்கால் மடை மாதிரி, திறந்தால் பாயும், அடைத்தால் நிற்கும். ஸ்மார்ட் ஸ்விட்ச்சோ லைட் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்குச் சொந்தமாக சப்ளை வேண்டும், அதனால்தான் நியூட்ரல்.

நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று இருக்கும். அது இருந்தால் நியூட்ரலும் அங்கேயே இருக்கும். நியூட்ரல் வேண்டாத மாடல்களும் உண்டு. அவை பல்பு வழியாகவே சிறிதளவு கரண்ட் எடுத்துப் பிழைக்கின்றன. சின்ன எல்.இ.டி. பல்பாக இருந்தால் அணைத்த பிறகும் மினுங்கும், அல்லது விட்டு விட்டு எரியும். அதற்குப் பல்புக்குக் குறுக்கே ஒரு பைபாஸ் கப்பாசிட்டர் போடச் சொல்வார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை:

1. போர்டில் நியூட்ரல் இல்லை என்பதற்காக எர்த் ஒயரை நியூட்ரலாக வைத்து மாட்டாதீர்கள்! வேலை செய்யும். ஆனால் எங்காவது எர்த் ஒயர் அறுந்தால், அதில் சேர்ந்திருக்கும் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜின் உலோக உடம்பெல்லாம் ஷாக் அடிக்கும்.

2. பக்கத்து அறை சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்காதீர்கள். ஒரு சர்க்யூட்டில் போன கரண்ட் வேறு சர்க்யூட் வழியாகத் திரும்பும். தனித்தனி ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அது சும்மா சும்மா டிரிப் ஆகும். அது இல்லாத வீட்டில், ஒரு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வேலை பார்ப்பவர் கையில் நியூட்ரல் வழியாக ஷாக் அடிக்கும்.

என் வீட்டில் நடந்தது

மெயினை இறக்கிவிட்டு, போர்டைத் திறந்து, சிவப்பு ஒயரை எல்-லும் கறுப்பு ஒயரை என்-னும் மாட்டினேன். மெயினைப் போட்டதும் மாட்யூலில் நீல விளக்கு மின்னியது. வைஃபையில் சேர்த்தேன். போனைத் தட்டினேன், கொல்லை பல்பு எரிந்தது. தம்பி கை தட்டினான். அப்பத்தா, "பொத்தான அமுக்காமயே எரியுதே!" என்று ஆச்சரியப்பட்டார்.

போர்டை மூடப் போகும்போதுதான் லேப்பில் எங்கள் சார் ஒவ்வொரு முறையும் சொல்வது ஞாபகம் வந்தது: "ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லாதே, ஆஃப் ஆயிருச்சான்னு பாரு." போனில் அணைத்தேன், பல்பைக் கழற்றினேன், ஹோல்டர் பின்னில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் எரிந்தது!

ரிலே ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன். மறுபடி மெயினை இறக்கி, மாட்யூலைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்விட்ச்சையே மாட்டினேன். ஸ்விட்ச்சை ஆஃபில் வைத்து மெயினைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறது! மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சிவப்பு ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய ஜீரோ. கறுப்பு ஒயருக்கும் எர்த்துக்கும் 228 வோல்ட். புரிந்துவிட்டது. பின்அறை பிற்பாடு கட்டியது. அப்போது ஒயரிங் செய்தவர் ஜாயிண்ட்டில் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிச் சேர்த்துவிட்டார். அதனால் அந்த அறை ஸ்விட்ச் எல்லாம் நியூட்ரலைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது. பல்பு அணைந்துவிடும், ஆனால் ஹோல்டரில் பேஸ் எப்போதும் நிற்கும். ஏ.சி. என்பதால் என் மாட்யூலுக்கும் எல், என் மாறியது தெரியவில்லை, அதுபாட்டுக்கு வேலை செய்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அந்த ஹோல்டர் எப்பவுமே கடிக்கும்டா. அதான் நான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் பல்பு மாத்துவேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கொல்லைப்பக்கம் எப்போதும் ஈரத் தரை. 9 வாட் பல்பு எடுக்கும் கரண்ட் சுமார் 40 மில்லி ஆம்பியர்தான். ஒரு மனித உயிரைக் கொண்டுபோக அவ்வளவே போதும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தெரியக்கூடத் தெரியாது, போகவே போகாது. அம்மா அந்த ஈரத்தில் நின்று எத்தனை பல்பு மாற்றியிருப்பார்! அந்த பல்பு அணைத்த பிறகும் லேசாக மினுங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'மட்டமான பல்பு' என்று வேறு வாங்கினோமே தவிர, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக எலக்ட்ரிக்கல் படிக்கும் நானும் கேட்கவில்லை.

மறுநாள் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் அண்ணன் ஒருவரை அழைத்துவந்தோம். கதவுக்கு மேலிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து ஜாயிண்ட்டைச் சரிசெய்தார். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டார். போகும்போது, "தம்பி, கலர நம்பாத, டெஸ்டர வச்சுப் பாரு. டெஸ்டரையும் முழுசா நம்பாத, மீட்டர வச்சுப் பாரு" என்றார். அதன் பிறகே மாட்யூலை மறுபடி மாட்டினேன்.

நீங்கள் மாட்டும்போது

1. மெயினை இறக்குங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். யாராவது வந்து மெயினைப் போட்டுவிடக் கூடாது.

2. டெஸ்டர் நல்லது என்று எரியும் பிளக்கில் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு போர்டில் வைத்துப் பாருங்கள்.

3. பழைய இணைப்பை போட்டோ எடுத்து, ஒயர்களில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

4. எது பேஸ் என்பதை மீட்டரால் உறுதி செய்யுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய ஜீரோ. இதைப் பார்க்கும்போது மட்டும் மெயின் போட்டிருக்க வேண்டும். பார்த்ததும் இறக்கிவிடுங்கள்.

5. மாட்டி முடித்ததும் ஆஃபில் வைத்து, பல்பைக் கழற்றி ஹோல்டரில் டெஸ்டர் வையுங்கள். எந்தப் பின்னிலும் எரியக் கூடாது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

லோடு கணக்கு

மாட்யூலில் '10 ஆம்பியர்' என்று போட்டிருந்தால் அது ஹீட்டர் மாதிரி ரெசிஸ்டிவ் லோடுக்குத்தான் பெரும்பாலும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும், அதற்கு 16 ஆம்பியர் மாட்யூலே நல்லது. தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். லைட் மாட்யூலை நேரடியாக மோட்டாருக்குப் போட்டால் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் நிற்காது. மாட்யூலால் காண்டாக்டரை இயக்கி, காண்டாக்டரால் மோட்டாரை இயக்க வேண்டும். ஃபேனுக்கு லைட் டிம்மரைப் போடாதீர்கள், பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டு ஆன்-ஆஃப் மட்டும் செய்யலாம்.

கரண்ட் செலவு? மாட்யூல் சும்மா இருக்கும்போது ஒரு வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்கு 0.72 யூனிட். எங்கள் 9 வாட் பல்பு தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 3.24 யூனிட். ஒன்றிரண்டு மாட்டினால் பெரிதில்லை. வீடு முழுக்க இருபது மாட்டினால் சும்மா இருப்பதற்கே மாதம் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும். 'ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்டினால் பில் குறையும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வைஃபை சங்கதி

இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. சேரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் லைட் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஆப்பில் ஒரு செட்டிங் இருக்கும். 'முன்பிருந்த நிலை' என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பகலெல்லாம் எரிந்தாலும் ஆச்சரியமில்லை.

இன்னொன்று: பல கம்பெனி சாமான்கள் நம் போனிலிருந்து நேராக ஸ்விட்ச்சுக்குக் கட்டளை அனுப்புவதில்லை. எங்கோ வெளிநாட்டிலுள்ள அவர்கள் சர்வர் வழியாகச் சுற்றித்தான் வருகிறது. அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. ஆப்பை நம்பியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். இன்டர்நெட் இல்லாமலே வீட்டுக்குள் இயங்குமா என்று கேட்டு வாங்குங்கள். 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் இதற்கு வழி செய்கிறது. பாஸ்வேர்டையும் கம்பெனி கொடுத்தபடியே விடாதீர்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ், மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது.

முடிவாக...

இப்போது எங்கள் கொல்லை பல்பு சாயங்காலம் ஆறே காலுக்குத் தானாக எரிகிறது, காலை ஆறு மணிக்கு அணைகிறது. அப்பத்தா யாரையும் எழுப்பாமல் வெளிச்சத்தில் போய்வருகிறார். அம்மா செருப்பைத் தேடாமல் பல்பு மாற்றுகிறார். ஆனாலும் நான் அருகில் நின்று மெயினை இறக்கச் சொல்கிறேன்!

நண்பர்களே, ஸ்மார்ட் ஸ்விட்ச் நல்ல சாமான்தான், தேவை இருந்தால் வாங்குங்கள். அதற்கு முன், இந்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது பத்து ரூபாயும் செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். டெஸ்டரை எடுத்துக்கொண்டு, ஸ்விட்ச்சை ஆஃபில் வைத்து, ஒவ்வொரு ஹோல்டரையும் சோதித்துப் பாருங்கள். அம்மாவிடம், 'எங்கேயாவது கடிக்குதா?' என்று கேளுங்கள். நாம் கேட்காதவரை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.



— மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு மாணவன்