பட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் துரு

கோவை அவினாசி சாலையில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜி. டி. கார் அருங்காட்சியகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் தாத்தா காலத்துக் கார்களும், அவற்றிற்கும் மூத்த கார்களும் அங்கே பளபளவென்று நிற்கின்றன. வண்ணத்தை வியப்பவர்கள் பலர். அதற்கு அடியிலுள்ள தகட்டைப் பற்றி எண்ணுபவர்கள் சிலரே. பழைய காருக்குப் பெயிண்ட் அடிக்க அதிக நாள் ஆகாது. துருவை அகற்றித் தகட்டைத் தயார் செய்வதுதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடந்தானே அதிகம் அரிக்கப்பட வேண்டும்? நடப்பது நேர்மாறு. கேம்பிரிட்ஜ் அறிஞர் யூலிக் ஈவன்ஸ் 1920களில் ஒரு சொட்டு உப்பு நீரைக்கொண்டே இதை விளக்கினார்.

ஆசிரியர் துணையுடன் நீங்களும் செய்து பாருங்கள். உப்பு நீரில் சிறிது பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்து, உப்புத்தாளால் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு பெரிய சொட்டு விடுங்கள். சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் நீலமும், விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம் தெரியும் இடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடுகின்றன. அங்கே காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன், நீருடன் சேர்ந்து அவற்றை ஏற்று ஹைட்ராக்சில் அயனியாகிறது, அதுதான் இளஞ்சிவப்பு. ஆக, ஒரு சொட்டு நீரே ஒரு சிறு மின்கலம்! அதில் கரைவது ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி.

இனிக் காருக்கு வருவோம். கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் நீர் நுழைகிறது. வாய்ப்பகுதியில் ஆக்சிஜன் ஏராளம். பெயிண்டுக்கு அடியில், உள்ளே போகப் போக அது குறைவு. எனவே கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியே கரைகிறது. துருவின் கன அளவு அது தோன்றிய இரும்பைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். அது பெயிண்டை மேலே தள்ள, கொப்புளம் எழுகிறது. கொப்புளத்தின் எல்லை துருவின் எல்லை அன்று. நல்ல டிங்கர் கொப்புளத்தைத் தாண்டியும், வெள்ளி போன்ற உலோகம் எல்லாப் பக்கமும் தெரியும்வரை சுரண்டுவது இதனால்தான்.

சுரண்டிய பிறகும் குழிகளில் துருத்துணுக்குகள் தங்கும். பாஸ்பாரிக் அமிலம் அவற்றைக் கரைத்து, தகட்டின்மேல் இரும்பு பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். டானிக் அமிலம் கலந்த துரு மாற்றிகளும் உண்டு. அவை பட்டதும் துரு கருநீலமாகும். இது நமக்குப் புதிதன்று. துருப்பிடித்த ஆணியைப் புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, அந்நீரில் கடுக்காய் ஊறிய நீரை ஊற்றுங்கள், கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் பயன்படுத்தியதும் இதே வேதிவினையையே!

தேய்த்த வெறும் தகட்டில் தண்ணீர் படக்கூடாது. சில மணி நேரத்திலேயே மெல்லிய செம்படலம் படியும். உலர்ந்த நிலையில் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். பள்ளங்களை நிரப்பும் பட்டி அதற்குப் பிறகே. அதுவும் மெல்லியதாக. பட்டியிலுள்ள மாக்கல் தூள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். துருவின்மேல் பட்டியை அப்பினால் என்ன ஆகும்? உள்ளே ஈரம் உண்டு, ஆக்சிஜன் குறைவு: ஈவன்ஸின் சொட்டேதான்.

இது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 2014 வரை உற்பத்தியான அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனிச் சேஸ் கிடையாது. உடற்கூடே பாரம் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் பகுதி அரித்துப்போனால், அரித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். பட்டி ஓட்டையை மூடும்; பாரத்தைத் தாங்காது.

பழைய கார் வாங்கும் உறவினருக்கு நீங்கள் உதவலாம். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, காரின் உடலெங்கும் வைத்துப் பாருங்கள். காந்த விசை தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். சில மில்லிமீட்டர் பட்டி இருந்தாலே பிடி தளர்வது கைக்குத் தெரியும். (அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களில் காந்தம் ஒட்டாது, அதைக் குற்றமாக எண்ணிவிட வேண்டாம்!)

நம் கோவை மழை மறைவுப் பகுதி, கடலுப்பும் இல்லை. சென்னைக் கார்களைவிட இங்குள்ளவை கொடுத்துவைத்தவை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றின் அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. ஆயினும் நம் ஊர்க் கார்களிலும் கதவின் அடிவிளிம்பு அரிக்கிறதே, ஏன்? கண்ணாடி வழியே உள்ளே வடியும் நீர் வெளியேற அங்கே சிறு துளைகள் விட்டிருப்பார்கள். புழுதியும் புதுப்பெயிண்டும் அவற்றை அடைத்துவிடும். மழைக்கு முன் ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.