உறைமோரில் உயிர் உண்டு

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி போன்ற ஊர்களில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகள், விற்றது போக மீதிப் பாலைத் தயிராக்குவது வழக்கம். இரவில் சிறிது உறைமோர் ஊற்றினால் காலையில் தயிர் தோய்ந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்பவை லாக்டிக் அமில பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். இவை பாலின் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஏற ஏறப் பாலின் புரதம் கெட்டியாகிறது. பாலைக் கெடுக்கும் பல கிருமிகளும் அந்தப் புளிப்பில் வளர முடிவதில்லை.

எல்லாத் தயிரும் மருந்தா?

பல்கேரியாவைச் சேர்ந்த கிரிகோரோவ் 1905ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தயிரிலுள்ள பாக்டீரியாவைக் கண்டறிந்தார். பின்னர் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ், புளித்த பால் குடலுக்கு நல்லது என்ற கருத்தைப் பரப்பினார். சிக்கிம் மலைப்பகுதியில் செய்யப்படும் சுர்பி என்ற பாலாடைக்கட்டியிலிருந்தும் இத்தகைய பாக்டீரியாக்கள் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன.

ஆனால் புளிக்க வைக்கும் பாக்டீரியா எல்லாம் 'புரோபயாடிக்' ஆகிவிடாது. உயிரோடும் போதிய அளவிலும் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தருவதே புரோபயாடிக் என்று உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் வரையறுத்தன. இந்தியாவிலும் 2011இல் இதற்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. அந்த பாக்டீரியா இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாங்க வேண்டும். நோய்க் கிருமிகளை எதிர்க்கும் திறனும் சோதிக்கப்படுகிறது. மனிதருக்குத் தீங்கற்றது என்பதும் உறுதியாக வேண்டும்.

வீட்டுத் தயிர் நல்ல உணவு. பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாத பலருக்குப் பாலைவிடத் தயிர் எளிதில் செரிக்கும். ஆயினும் நோய்க்கு அதையே மருந்தாக நம்பி இருந்துவிடக் கூடாது. மோர்க்குழம்பு போலக் கொதிக்க வைத்தால் ருசி இருக்கும். பாக்டீரியா உயிரோடு இராது.

பால் தோயாவிட்டால்

மடிநோய்க்குப் பென்சிலின் போன்ற மருந்து கொடுத்த மாட்டின் பால் சில சமயம் தோய்வதில்லை. மருந்து பாலில் இறங்கி, உறைமோரிலுள்ள பாக்டீரியாவையும் தடுத்துவிடுவதே காரணம். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுதும் நீங்காது. எனவே கால்நடை மருத்துவர் சொல்லும் நாள் வரை அப்பாலை விற்கவோ, வீட்டில் பயன்படுத்தவோ, பிற மாட்டுப் பாலுடன் கலக்கவோ கூடாது. ஒரு மாட்டின் பால் கலந்தாலும் மொத்தப் பாலும் வீணாகலாம். அதே சமயம், பால் தோய்ந்துவிட்டது என்பதால் மருந்து நீங்கிவிட்டது என்றும் முடிவு செய்யக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

1. பச்சைப் பாலில் உறை ஊற்றக் கூடாது. கன்று வீச்சு நோய்க் கிருமி புளிப்பிலும் சில காலம் உயிரோடு இருக்கும். பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும்.

2. விரல் தாங்கும் வெதுவெதுப்பில் லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி உறைமோர் போதும். கொதிக்கும் பாலில் ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும்.

3. நுரைத்த, கசக்கும், நூல்விடும் தயிரை உறைக்கு எடுக்கக் கூடாது. நன்கு தோய்ந்த புதுத் தயிரிலிருந்து எடுக்க வேண்டும்.

4. பாத்திரத்தை வெந்நீரில் கழுவிக் காய வைத்து, மூடி வைக்க வேண்டும்.

உறைமோரும் விதை போன்றதே. விதை நன்றாக இருந்தால்தான் விளைச்சல் நன்றாக இருக்கும்.