முள்ளும் எண்ணும்: மின்சாரம் அளக்கப்படும் விதம்

முள் மீட்டருக்குள் நிலைக்காந்தத்தின் துருவங்களுக்கிடையே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மின்னோட்டம் பாய்ந்ததும் காந்த விசை சுருளைத் திருப்பும். சுருள்வில் எதிர்த்து இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

இந்தச் சுருள் தாங்குவது மிகக் குறைவு. 1 மில்லி ஆம்பியரில் முழு அளவு காட்டும் 100 ஓம் சுருளைக் கொண்டு 10 ஆம்பியரை அளக்க, ஏறத்தாழ 0.01 ஓம் ‘ஷண்ட்’ பக்கவாட்டில் இணைக்கப்படுகிறது; மின்னோட்டம் பெரும்பாலும் அதன் வழியே போய்விடும். அதே சுருள் 300 வோல்ட்டை அளக்க 2,99,900 ஓம் தொடராக வேண்டும். அம்மீட்டர் சுற்றில் தொடராகவும் வோல்ட்மீட்டர் பக்க இணைப்பாகவும் அமைகின்றன; அம்மீட்டரின் தடை மிகக் குறைவு என்பதால், அதை நேராக மின்வழங்கியின் இரு முனைகளில் வைப்பது பேராபத்து.

டிஜிட்டல் மீட்டர் அளப்பது அடிப்படையில் மின்னழுத்தத்தையே. பலவற்றில், வரும் அழுத்தம் குறித்த நேரத்துக்கு ஒரு மின்தேக்கியில் மின்னேற்றத்தைச் சேர்க்கிறது. பிறகு தெரிந்த அழுத்தத்தால் அது இறக்கப்படுகிறது; இறங்க ஆகும் நேரத்தைக் கடிகாரத் துடிப்புகள் எண்ணுகின்றன. நேரத்தை எண்ணி அழுத்தத்தை அறியும் அழகான உத்தி இது! மின்னோட்டமானால், ஷண்டில் விழும் அழுத்தத்தை அளந்தால் போதும்.

ராதாபுரம் வட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையம் 400 கிலோவோல்ட்டில் மின்சாரத்தை அனுப்புகிறது. அதை எந்த மீட்டரும் நேரடியாகத் தொடுவதில்லை. இத்தகைய இடங்களில் அளவீட்டு மின்மாற்றிகள் அழுத்தத்தை 110 வோல்ட் அளவுக்கும், மின்னோட்டத்தை 1 அல்லது 5 ஆம்பியருக்கும் குறைத்துத் தருகின்றன. 2000:1 விகிதத்தில் 0.8 ஆம்பியர் கிடைத்தால், கம்பியில் ஓடுவது 1,600 ஆம்பியர்.

துல்லியத்துக்கு எண் நல்லது. ஏறி இறங்கும் போக்கைக் கண்டுகொள்ள முள்ளே மேல்.