உங்களுக்குத் தெரியுமா? பெயின்ட்டுக்கு அடியில் காந்தம் காட்டும் ரகசியம்

1950-ல் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் தயாராகத் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் வேனை, அடுத்த ஆண்டே கேம்பர் வேனாக்கியது வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். அதில் பழசு ஒன்றை வாங்கி வீட்டிலேயே சீர்செய்ய ஆசையா? முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பானர் அல்ல, காந்தம்! மெல்லிய துணியில் சுற்றி, சக்கர வளைவிலும் கதவின் அடிப்பகுதியிலும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில், பளபள பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது தகடல்ல, பட்டி. (விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்!)

இந்த வேனுக்குத் தனிச் சேஸி கிடையாது; பாடியேதான் எடையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பல அடுக்குத் தகட்டுக்குள் ஈரம் தேங்கி, வெளியே தெரியாமலே அரிக்கும். அதை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பியை வெல்டிங் வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி தொய்ந்துவிடும். புதுத் தகடு போட்ட பிறகு கதவு மூடாது.