நஞ்சுக்கொடியில் ஒரு காவற்படை

ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களில் கருவுற்ற பெண்கள் முதன்முறையாகச் சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது, "எனக்கு ஒரு நோயும் இல்லையே, இரத்தம் எதற்கு?" என்று தாதியரைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் அருகருகே ஓடுகின்றன; ஆயினும் கலப்பதில்லை. இடையிலுள்ள மெல்லிய திரை உணவையும் உயிர்வளியையும் உள்ளே விட்டு, பெரும்பாலான கிருமிகளைத் தடுத்துவிடுகிறது. பால் கொட்டகையில் தூசும் சருகும் நீங்கப் பாலை வடிகட்டுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அதுபோலத்தான்.

திரையைத் தாண்டி வரும் கிருமிகளை எதிர்கொள்ள, அதன் பின்புறம் ஒரு காவற்படையும் உண்டு. ஹோஃப்பாவர் உயிரணுக்கள் என்பது அதன் பெயர். கருவுற்ற சில வாரங்களிலேயே தோன்றும் இவை கிருமிகளை விழுங்கி அழிக்க வல்லவை. இவை தாயினுடையவை அல்ல, இன்னும் பிறவாத சேயினுடையவை என்பது நம்மை வியக்கவைக்கிறது.

ஆனால் எல்லாக் கிருமிகளும் இக்காவலுக்கு அடங்குவதில்லை. கொசுவால் பரவும் ஸிக்கா நச்சுயிர் இந்த உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவதை 2016-இல் ஆய்வாளர்கள் கண்டனர். காவலன் வீடே கள்வனுக்குப் புகலிடமான கதை! எச்.ஐ.வி. நச்சுயிரை இவை ஓரளவு பிடித்து அடக்கினாலும், அதை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. ரூபெல்லா என்னும் ஜெர்மன் அம்மை முதல் மூன்று மாதங்களில் தாக்கினால் சேயின் கண், செவி, இருதயம் ஆகியவை பழுதாகலாம். நம் நாட்டில் 1988 முதல் பள்ளிச் சிறுமியருக்கு அதற்கான தடுப்பூசி போடத் தொடங்கியது இதன்பொருட்டே. கிரந்தி எனப்படும் சிபிலிஸ் நோயோ, தாய்க்கு வெளிப்படையான குறி எதுவும் இல்லாதபோதே நஞ்சுக்கொடியைக் கடந்து சேயைக் கொன்றுவிடக் கூடும்.

இரத்தப் பரிசோதனை இதற்காகத்தான். கிரந்தியைத் தக்க காலத்தில் கண்டறிந்தால் பெனிசிலின் ஊசி தாயையும் சேயையும் காக்கும். எச்.ஐ.வி.க்கு நாள்தோறும் மருந்து உண்டால் அது சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறையும். கருவுற்ற தாய்மாருக்கான எச்.ஐ.வி. பரிசோதனை மலேசியாவில் 1998-இல் நாடு தழுவியதாயிற்று. இவ்விரு நோய்களும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றை முதலில் பெற்ற நாடு நம்முடையதே. எனினும் பரிசோதனைக்கு வராத தாய்க்கு இதனால் பயனில்லை.

ஆகவே பன்னிரண்டு வாரங்களுக்குள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கணவன்மாருக்கும் ஒரு சொல்: மனைவிக்குக் கிரந்தி காணப்பட்டால் நீங்களும் பரிசோதனைக்குச் சென்று சிகிச்சை பெறவேண்டும், இல்லையேல் குணமடைந்தவருக்கு அந்நோய் உங்களிடமிருந்தே மீண்டும் தொற்றும்.